பிமினித் தீவில் சிங்கி இறால் வரிசை நடை: எந்த நாளில், எந்தப் பக்கம், எப்படி எண்ணுவது?

கடற்புல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. கரீபியச் சிங்கி இறால், அதாவது பனுலிரஸ் ஆர்கஸ், இலையுதிர்காலப் புயலையொட்டி ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிக் கடல்தரையில் நடந்து போவது பற்றி ஒரு முதுகலை ஆய்வுத் திட்டம் தயார் செய்கிறேன். இடம் பகாமாஸின் பிமினித் தீவு. பொதுவாகக் கிடைக்கும் விளக்கம் எல்லாம் "நீர் குளிர்ந்ததும் ஆழத்துக்குப் போய்விடும்" என்பதோடு நின்றுவிடுகிறது. களத்தில் இறங்க அது போதாது.

எனக்குத் தெரிய வேண்டியவை: கிளம்பும் நாளை முன்கூட்டிக் கணிக்க முடியுமா? நீர் வெப்பம் இத்தனை டிகிரிக்குக் கீழே போனால் கிளம்பும் என்று ஓர் எல்லை வைக்கலாமா? தீவின் எந்தப் பக்கத்தில் காத்திருப்பது? வரிசையைக் கலைக்காமல் எண்ணுவது எப்படி?

கருவிகள்: வெப்பப் பதிவி 4, ஒலி டேக் (சிங்கி மேல் ஒட்டும், குறியீட்டு ஒலி எழுப்பும் அடையாளக் கருவி) 30, அந்த ஒலியை நீருக்கடியில் கேட்டுப் பதியும் ஒலி ரிசீவர் 6. டேக் சராசரியாக 120 வினாடிக்கு ஒருமுறை ஒலிக்கும் வகை, 69 கிலோஹெர்ட்ஸ். கூடவே 100 டி-பார் டேக், அதாவது தசைக்குள் ஊசியால் செருகும் எண்ணிட்ட அடையாளம்.

இதே திட்டத்தை அப்படியே மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் செய்யலாமா என்பது என் வழிகாட்டி கேட்கும் கேள்வி.

ஆழி

முதலில் "நகர்வு" என்று ஒரே சொல்லில் போட்டு வைத்திருப்பதைப் பிரியுங்கள். இந்த ஆய்வுக்கு அடித்தளம் போட்ட வில்லியம் ஹெர்ன்கைண்ட் மூன்றாகப் பிரித்தார். இரவில் வளையை விட்டு வெளியே வந்து மேய்ந்து, விடியுமுன் பழைய இடத்துக்கோ பக்கத்து வளைக்கோ திரும்புவது ஒன்று. ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்குத் திசையோ காலமோ இல்லாமல் இடம் மாறுவது இரண்டாவது. குறித்த பருவத்தில், குறித்த திசையில், கூட்டமாகப் போவது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் இடப்பெயர்ச்சி என்று சொல்ல வேண்டும். ஒரு டேக் 300 மீட்டர் தள்ளிக் கேட்டது என்பதற்காக அதை இடப்பெயர்ச்சிக் கணக்கில் ஏற்றினால் ஆய்வே கெட்டுவிடும்.

இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் மனதில் வையுங்கள். சினையுள்ள பெண் சிங்கிகள் வசந்தத்திலும் கோடையிலும் குஞ்சு வெளியேற்றுவதற்காகப் பவளத்திட்டின் வெளிவிளிம்புக்குப் போய்விட்டுத் திரும்பும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளில் ஒலி டேக் வைத்து இதைக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பயணத்தில் வரிசையும் கிடையாது, குளிரும் கிடையாது. நீங்கள் நவம்பரில் மட்டும் போகிறீர்கள் என்றால் இது குறுக்கே வராது. ஆண்டு முழுக்க ரிசீவரை விட்டுவைத்தால் வரும்.

வெப்ப எல்லை வேண்டாம் என்பேன். கான்சிருக்கும் ஹெர்ன்கைண்டும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு பிமினியில் செய்ததுதான். வரிசை நடை இலையுதிர்காலத்தில் வரும் பலத்த புயலைத் தொடர்ந்து கிளம்புகிறது, சில நாட்களில் முடிந்துவிடுகிறது. அப்போது வெப்பம் மட்டும் இறங்குவதில்லை. அலை பலக்கிறது, தரையில் நீர் முன்னும் பின்னும் இழுக்கிறது, மணல் கிளம்பி நீர் கலங்குகிறது. எது தூண்டுகோல் என்று ஒன்றைத் தனியே எடுப்பது கடினம். குளிர்ச்சியையும் கொந்தளிப்பையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். வெப்பம் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தும் ஒன்றும் நடக்காமல் போகலாம். அதனால் "24 டிகிரி" என்பது போல ஓர் எண்ணைத் திட்டத்தில் எழுதி, அது வரட்டும் என்று காத்திருந்தால் நாள் தவறும்.

உங்களுக்கு உண்மையான நாள்காட்டி காற்றுதான். அந்தப் பருவத்தில் வட அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, இறங்கும்போது பகாமாஸில் காற்று ஒரே ஒழுங்கில் சுற்றும்: தென்கிழக்கு, தெற்கு, தென்மேற்கு, மேற்கு, வடமேற்கு, வடக்கு, கடைசியில் வடகிழக்கு. காற்று தெற்குக்குத் திரும்பியதுமே முகப்பு வருகிறது என்று தெரிந்துவிடும். மேற்கும் வடமேற்கும் வீசும் நேரத்தில் பிமினியின் மேற்குக் கரை முழு அலையை வாங்கும். அப்போது யாரும் இறங்கக் கூடாது. வடகிழக்குக்குத் திரும்பிய பிறகு தீவே மறைப்பாக நின்று மேற்குக் கரையை அமைதியாக்கும். நீங்கள் இறங்கும் வாய்ப்பு அதுதான். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை ஒவ்வொரு முகப்புக்கும் படகும் ஆளும் தயாராக இருக்க வேண்டும். "நவம்பர் 10 முதல் 20 வரை" என்று பயணச்சீட்டுப் போட்டுவிட்டுப் போகும் திட்டம் தோற்கும்.

இனி இடம். பிமினி உட்கார்ந்திருப்பது பெரிய பகாமா மேடை என்னும் ஆழமில்லாக் கடலடி மேட்டின் மேற்கு விளிம்பில். கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பரந்த மணலும் கடற்புல்லும் உள்ள மேடை, பெரும்பகுதி 10 மீட்டர் ஆழத்துக்குள். மேற்கே ஒரு குறுகிய திட்டு, அதைத் தாண்டினால் ஃப்ளோரிடா நீரிணையின் பள்ளம், எழுநூறு எண்ணூறு மீட்டர். ஆழம் குறைந்த மேடை ஒரே முகப்பில் சட்டென்று குளிர்ந்து கலங்கிவிடும். விளிம்பிலோ வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பான நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. குளிர்காலத்தைக் கழிக்க நல்ல இடம் அந்த விளிம்புதான்.

தீவு இங்கே செய்கிற வேலையைக் கவனியுங்கள். பரந்த மேடையில் சிதறிக் கிடப்பவை மேற்கே வந்ததும் ஒரு பக்கம் கரை, இன்னொரு பக்கம் பள்ளம் என்று நடுவே சிக்குகின்றன. பள்ளத்தைக் கடக்க முடியாது. அதனால் கரையோரமாகவே தெற்கே நடக்கின்றன. மேடையின் நடுவே தேடினால் கண்ணில் படாத ஒரு நிகழ்வு, இந்தக் குறுகிய வழியில் ஆயிரக்கணக்கில் தெரிகிறது. பிமினி பெயர் பெற்றதற்குக் காரணம் இந்த நில அமைப்பு. ஆகவே மேற்குக் கரை, 3 முதல் 10 மீட்டர் ஆழம் முதல் தேர்வு. ஒரு குழுவைத் தெற்கே டர்ட்டில் ராக்ஸ் பக்கமும் வையுங்கள்.

அதே குறுகிய வழிதான் அவற்றுக்கு ஆபத்தும். பகலில், திறந்த மணலில், கூட்டமாக வருவதை ஒரே நாளில் அள்ளிவிட முடியும். உங்கள் இடக்குறிப்புகளைப் பொதுவில் போடாதீர்கள்.

நீரோட்டம்

ஆழி சொன்னதில் ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை: முகப்பு எல்லாம் சமமல்ல. பருவத்தின் முதல் பலத்த முகப்பை விட்டுவிட்டால் அடுத்ததில் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம், காரணம் கிளம்ப வேண்டியவற்றில் ஒரு பகுதி கிளம்பிப் போயிருக்கும். ஆகவே பதிவிகளை அக்டோபர் நடுவிலேயே போட்டுவிடுங்கள்.

எண்ணும் முறைக்கு முன் வரிசை எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். முன்னே போவதைக் கண்ணால் கண்டு பின்னே சேர்கிறது. சேர்ந்த பிறகு பிடிப்பு கண்ணில் இல்லை, தொடுகையில் இருக்கிறது. சிறு மீசையின் உட்கிளையாலும் முன் கால்களின் நுனியாலும் முன்னதன் வாலைத் தொட்டுக்கொண்டே நடக்கும். அதனால் இரவிலும் கலங்கிய நீரிலும் வரிசை அறுவதில்லை. மூன்று நான்கு உள்ள வரிசைகளும் உண்டு, அறுபதைத் தாண்டியவையும் பதிவாகியிருக்கின்றன. சாதாரண நாளில் பகலில் வளையை விட்டு அசையாத உயிர், இந்தச் சில நாட்கள் பகலும் இரவும் நடக்கும். வேகம் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்.

ஏன் வரிசை? சைக்கிள் பந்தயத்தில் முன்னவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டி ஓட்டுவது போல, நீரின் இழுவையைக் குறைக்கத்தான். பில்லும் ஹெர்ன்கைண்டும் 1976-இல் அளந்து காட்டினார்கள்: 19 சிங்கி கொண்ட வரிசை வினாடிக்கு 35 செ.மீ. வேகத்தில் போகும்போது ஒவ்வொன்றுக்கும் விழும் இழுவை, தனியாக ஒன்று 25 செ.மீ. வேகத்தில் போகும்போது விழுவதற்குச் சமம். இழுவை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தோடு ஏறும் என்பதால் 25-ஐ 35-ஆல் வகுத்து இருமடி எடுங்கள், 0.51 வரும். அதாவது ஏறத்தாழப் பாதிச் சுமை. இரை தேடாமல் பல கிலோமீட்டர் நடக்கும் உயிருக்கு இது சின்ன லாபம் இல்லை.

இரண்டாவது பயன் பாதுகாப்பு. கிளாத்தி மீன் வந்து தாக்கினால் வரிசை சுருண்டு வட்டமாகிவிடும். வால்கள் உள்ளே, பெரிய மீசைகள் வெளியே. முக்குளிப்பவர் நெருங்கினாலும் இதேதான் நடக்கும். எண்ணுபவருக்குச் சிக்கல் இங்கேதான் ஆரம்பம். வட்டமானது மறுபடி வரிசையாகும்போது தலைமை மாறும், ஒன்று இரண்டாகப் பிரியலாம், இரண்டு ஒன்றாகச் சேரலாம். பத்து நிமிடம் கழித்து அதே கூட்டத்தைப் புதிய வரிசை என்று எழுதிவிடுவார்கள்.

ஆகவே நீந்திப்போய்த் தேடி எண்ணாதீர்கள். கரைக்குச் செங்குத்தாக ஒரு 100 மீட்டர் கயிற்றைத் தரையில் கட்டுங்கள், 5 மீட்டருக்கு ஓர் அடையாளம். வரிசைகள் தெற்கே போவதால் கயிற்றை வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும். கயிற்றைத் தாண்டுவதை மட்டும் எண்ணுங்கள்: நேரம், கயிற்றில் எந்த மீட்டர், வரிசை நீளம், திசை. வடக்கே திரும்பித் தாண்டினால் கழித்தல் குறியோடு எழுதுங்கள். கயிறு தரையோடு தரையாக ஈயக்குண்டால் அழுந்தி இருக்க வேண்டும். அரையடி உயரத்தில் தொங்கினால் மீசை தட்டி அவை திசை மாறும்.

ஆள் நிற்பது கயிற்றுக்குத் தெற்கே அல்ல, வடக்கேயும் அல்ல. கயிற்றின் ஆழமான முனையில், தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் மேலே. முன்னே நிழல் விழுந்தால் தலைமைச் சிங்கி நின்றுவிடும். நீண்ட நேரத்துக்குக் காமிரா நல்லது. 2 மீட்டர் உயர முக்காலியில் கீழ்நோக்கி வைத்து 5 வினாடிக்கு ஒரு படம் எடுத்தால் போதும்: வினாடிக்கு 28 செ.மீ. போனால் 5 வினாடியில் 1.4 மீட்டர். சட்டகம் 3 மீட்டர் அகலம் என்றால் ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு படத்தில் விழும். 30 வினாடிக்கு ஒன்று என்று வைத்தால் குட்டை வரிசை முழுசாகவே தப்பிவிடும். இரவில் சிவப்பு விளக்கு, வெள்ளை வேண்டாம்.

புயல் முடிந்த முதல் நாள் பார்வைத் தூரம் 2 மீட்டருக்குள் இருக்கலாம். பார்வைத் தூரத்தை ஒவ்வொரு பதிவோடும் எழுதுங்கள். இல்லையென்றால் "இரண்டாம் நாள் எண்ணிக்கை ஏறியது" என்று எழுதுவீர்கள், உண்மையில் ஏறியது நீரின் தெளிவு.

வெண்மணல்

டேக் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அமைப்பில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது, இப்போதே திருத்தலாம்.

அமைதியான நாளில் உங்கள் ரிசீவர் 150 மீட்டர் ஆரத்துக்குள் கேட்கும் என்று கொள்வோம். மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 16.7 மீட்டர். 300 மீட்டர் விட்டத்தை நடுவாகக் கடக்க 18 நிமிடம். 120 வினாடிக்கு ஒருமுறை என்றால் 9 ஒலி. போதும். ஆனால் சிங்கி நடப்பது அமைதியான நாளில் இல்லை. அலை இரைச்சலும், கலங்கிய நீரும், எப்போதும் இருக்கும் சொடுக்கு இறால்களின் படபடப்பும் சேர்ந்து கேட்கும் தூரத்தை 50 மீட்டராகக் குறைத்தால் கடக்க 6 நிமிடம்தான், 3 ஒலி. அதில் ஒன்று கெட்டால் இரண்டு. ஓரமாகக் கடந்தால் ஒன்று. ஒற்றை ஒலியைப் பொதுவாகப் பொய்ப் பதிவு என்று தள்ளிவிடுவோம். எந்த நாளுக்காகக் கருவி வாங்கினீர்களோ அந்த நாளில்தான் அது செவிடாகிறது.

சரி, இடைவெளியை 60 வினாடியாக்கலாமே என்று தோன்றும். அங்கே இன்னொரு குழி. ஒரு குறியீட்டு ஒலித்தொடர் முடிய மூன்று நான்கு வினாடி ஆகும். 30 டேக்கும் ஒரே வரிசையில் வந்துவிட்டால் 30 × 3.5 = 105 வினாடி ஒலி, 60 வினாடிக்குள் அடைய வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று மோதி எதுவும் படிக்க முடியாது. வரிசையாக நடக்கும் உயிரில் இது கற்பனையான பயம் இல்லை. என் பரிந்துரை: இடைவெளி 90 வினாடி, ஒரே வளையிலிருந்து மூன்றுக்கு மேல் டேக் போடாதீர்கள், குறைந்தது பத்து வளைகளுக்குப் பிரித்துப் போடுங்கள்.

ஆறு ரிசீவரையும் தீவைச் சுற்றி ஒவ்வொன்றாக நிறுத்துவது வீண். மூன்று மூன்றாக இரண்டு வேலி அமையுங்கள். இரண்டும் மேற்குக் கரையில், கரையிலிருந்து விளிம்பு நோக்கி, ரிசீவருக்கு ரிசீவர் 100 மீட்டருக்குள். வடக்கு வேலிக்கும் தெற்கு வேலிக்கும் நடுவே இரண்டு மூன்று கிலோமீட்டர். அப்போதுதான் திசையும் வேகமும் கிடைக்கும். திட்டின் முழு அகலத்தையும் மூன்று ரிசீவரால் மூட முடியாது என்பது உண்மை. கயிற்று எண்ணிக்கை எந்த ஆழத்தில் கூட்டம் அதிகம் என்று காட்டுகிறதோ அங்கே வேலியை வையுங்கள். ஒவ்வொரு வேலியிலும் இடம் மாறாத ஒரு டேக்கை 80 மீட்டர் தள்ளி நங்கூரமிட்டு விடுங்கள். அதன் ஒலி மணிக்கு எத்தனை கேட்டது என்பதை வைத்துத்தான் "சிங்கி வரவில்லை", "கேட்கவில்லை" இரண்டையும் பிரிக்க முடியும். இதற்கு 2 டேக் போனாலும் பரவாயில்லை.

ஒட்டும் முறை: மீசையைப் பிடித்துத் தூக்காதீர்கள், கழன்று கையோடு வந்துவிடும். அது மறுபடி வளரப் பல முறை ஓடு கழற்ற வேண்டும், அதற்குள் தற்காப்பு போச்சு. தலையோட்டைப் பின்பக்கமாகப் பிடியுங்கள். ஓட்டின் பக்கவாட்டை விரலால் அழுத்துங்கள், அமுங்கினால் புதிதாக ஓடு கழற்றியது, விட்டுவிடுங்கள். கெட்டியாக இருந்தால் நனைந்த சாக்கால் கண்ணை மூடி நிழலில் வையுங்கள். தலையோட்டின் மேல் சிறு பகுதியைத் துடைத்து, உப்புத்தாளால் இரண்டு தேய், மறுபடி துடைத்து விரைவில் இறுகும் எபாக்சியில் டேக்கைப் பதியுங்கள். ஈரம் இருந்தால் ஒட்டாது, முதல் வளைக்குள் நுழையும்போதே தட்டுப்பட்டு விழுந்துவிடும். கண்ணுக்கு மேலே கொம்புக்குப் பக்கத்தில் ஒட்டினாலும் அப்படித்தான். ஓடு கழற்றியதும் ஒலி டேக் போய்விடும் என்பதால் இது ஒரு பருவத்துக்கு மட்டும்.

டி-பார் டேக் ஓடு கழற்றினாலும் நிற்கும், ஆனால் அடிக்கும் இடம் ஒன்றே ஒன்று. தலையோட்டின் பின்விளிம்புக்கும் வாலின் முதல் வளையத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வில், நடுக்கோட்டை விட்டுச் சற்றுத் தள்ளி, வால் தசைக்குள். ஓடு கழறும்போது பிளப்பது அந்த இணைப்பில்தான் என்பதால் டேக் உரிக்குள் மாட்டாது. நடுக்கோட்டில் அடித்தால் குடலும் இரத்தக்குழாயும் போகும் பாதை, இறந்துவிடும். ஊசியை ஒவ்வொன்றுக்கும் கிருமிநாசினியில் துடையுங்கள்.

அளவு: வெர்னியரால் கண்ணுக்கு மேலுள்ள இரண்டு கொம்புகளின் நடுவிலிருந்து தலையோட்டின் பின்விளிம்பு வரை, மில்லிமீட்டரில். பகாமாஸில் பிடிக்கக் குறைந்த அளவு தலையோடு மூன்றேகால் அங்குலம், ஏறத்தாழ 82.5 மி.மீ. ஆண் என்றால் கடைசிக் காலின் அடியில் இனத்துளை, பெண் என்றால் மூன்றாம் காலின் அடியில். பெண்ணின் ஐந்தாம் கால் நுனியில் சிறு கொடுக்கு இருக்கும். நெஞ்சின் அடியில் கருந்தார் போல ஒட்டியிருந்தால் இணைசேர்ந்தது. அதையும் எழுதிவையுங்கள்.

பகாமாஸில் ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை சிங்கி பிடிக்கத் தடை. நீங்கள் போகும் மாதம் திறந்த பருவம். அதனாலேயே டேக் போட்டவை மீனவர் கைக்குப் போக நல்ல வாய்ப்பு உண்டு. இறங்கு துறையில் டேக் எண்ணை வாங்கிக்கொள்ள ஓர் ஆளை முன்பே ஏற்பாடு செய்யுங்கள். நூறு டி-பார் டேக்கில் பயன் வருவது அந்த வழியில்தான்.

கடற்புல்

மிக்க நன்றி. வேலி அமைப்பையும் 90 வினாடியையும் திட்டத்தில் மாற்றிவிட்டேன். இரண்டு துணைக்கேள்விகள். கலங்கிய நீரில், இரவில், தலைமைச் சிங்கி திசையை எப்படி அறிகிறது? டேக் போட வசதியாகப் படகில் ஏற்றித் தெற்கு ஓரத்திலிருந்து வடக்கு ஓரத்துக்குக் கொண்டுபோய் விடலாம் என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

ஆழி

கொண்டுபோய் விடாதீர்கள். போல்ஸும் லோமனும் 2003-இல் ஃப்ளோரிடா கீஸில் செய்த சோதனை இதற்கு நேரடி விடை. பிடித்த இடத்திலிருந்து 12 முதல் 37 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோனார்கள். வழியை உணர முடியாதபடி மூடிய பெட்டி, சுற்றுப்பாதை, பெட்டியைச் சுற்றி ஆடும் காந்தங்கள், கண்ணுக்கு மூடி. அத்தனையும் செய்தும், சோதனைத் தொட்டியில் விட்டதும் பிடித்த இடம் இருக்கும் திசையை நோக்கி நடந்தன. அடுத்து, இடத்தை மாற்றாமல் காந்தப்புலத்தை மட்டும் மாற்றினார்கள். வடக்கே 400 கிலோமீட்டரில் இருக்கும் புலத்தைக் கொடுத்தால் தெற்கே நடந்தன, தெற்கே உள்ளதைக் கொடுத்தால் வடக்கே. முதுகெலும்பற்ற உயிர் ஒன்றுக்கு இப்படி இடமறியும் திறன் உண்டு என்று காட்டிய முதல் சோதனை அதுதான்.

உங்களுக்கு இதன் பொருள்: வடக்கு ஓரத்தில் விட்ட சிங்கி தெற்கே நடந்தால் அது பருவப் பயணமா, வீடு திரும்பலா என்று பிரிக்கவே முடியாது. இரண்டும் ஒரே திசை. பிடித்த வளையிலேயே விடுங்கள். அதுவும் முகப்பு வருவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால், கையாண்ட பதற்றம் தணியட்டும்.

திசைக்குக் காந்தம் மட்டுமல்ல. தரையில் அலை முன்னும் பின்னும் இழுப்பதையும் பயன்படுத்துகின்றன. கண்ணை மூடிவிட்டாலும் அந்த இழுப்பைப் பிடித்து நேராக நடப்பதை ஹெர்ன்கைண்ட் குழு முன்பே பார்த்திருக்கிறது. வெப்பப் பதிவி நான்கையும் 3, 6, 10, 20 மீட்டரில் தரையோடு, துளையிட்ட வெள்ளைக் குழாய்க்குள் வைத்து 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு எடுங்கள். அவற்றில் ஒன்றின் பக்கத்தில் அலையின் இழுப்பை அளக்கும் கருவி ஒன்று இரவல் கிடைத்தாலும் வாங்கிப் போடுங்கள். செயற்கைக்கோள் தரும் மேற்பரப்பு வெப்பத்தை நம்பிக் கிளம்பும் நாளைச் சொல்லாதீர்கள். அடுத்துள்ள வளைகுடா நீரோட்டத்தின் வெப்பம் அதில் கலந்துவிடும்.

முத்துநகர்

தம்பி, மன்னார் வளைகுடா பற்றி நான் சொல்கிறேன். அப்படியே கொண்டுவர முடியாது. இனமும் வேறு, கடலும் வேறு.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பாறையிலும் பாரிலும் (கடலடிப் பாறைத்திட்டு) கிடைப்பதில் முக்கியமானவை பனுலிரஸ் ஹோமாரஸ், பனுலிரஸ் ஆர்னேட்டஸ் இரண்டும். ஹோமாரஸ் அலையடிக்கும் ஆழமில்லாப் பாறையில் வாழ்கிறது, ஒரே பாறைத் தொகுதியைச் சுற்றியே இருக்கும் குணம். பிமினி போன்ற கூட்டு வரிசை நடையை அதனிடம் எதிர்பார்த்துத் திட்டம் போட்டால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். வடகிழக்குப் பருவக்காற்றில் நம் கடல் கலங்கும், ஆனால் பகாமா மேடை போல ஒரே இரவில் குளிர்ந்து போவதில்லை. தூண்டுகோலே வேறாக இருக்கும்.

ஆர்னேட்டஸ் விஷயம் கவனிக்க வேண்டியது. இதே இனம் ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் நடுவே உள்ள டோரஸ் நீரிணையிலிருந்து கிளம்பி, பாப்புவா வளைகுடாவைக் கடந்து, யூல் தீவுப் பாறைகள் வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நடக்கிறது. மூரும் மேக்ஃபார்லேனும் டேக் போட்டு 1984-இல் எழுதினார்கள். ஆனால் அது குளிருக்கு ஓடும் பயணம் இல்லை, இனப்பெருக்கப் பயணம். போன பெரியவை களைத்துப் பெரும்பாலும் அங்கேயே மடிகின்றன, கூட்டமாகத் திரும்பும் பயணம் கிடையாது. அந்த வழியில் இழுவைமடி போட்டு அள்ளியதால் அதற்குத் தடையே வந்தது. ஒரே இனம் ஒரு கடலில் இப்படி நடக்கிறது என்பதால் இன்னொரு கடலிலும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. மன்னாரில் கேட்க வேண்டிய கேள்வி: பெரிய ஆர்னேட்டஸ் சினை வைக்கும்போது தீவைச் சுற்றியுள்ள பாரில் இருக்கிறதா, வெளிக்கடலுக்குப் போகிறதா? டி-பார் டேக்கும் மாதாமாதம் இறங்குதுறை அளவும் இதற்குப் போதும். ஒலி ரிசீவரைப் பிமினிக்கே வையுங்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் அப்ரோலோஸ் தீவுகள் பக்கம் பனுலிரஸ் சிக்னஸ் வேறு விதம். நவம்பர், டிசம்பரில் ஓடு கழற்றி வெளிறிய நிறத்தில் ஆழத்தை நோக்கிக் கிளம்பும். அங்கே மீனவர்கள் அதை "வெள்ளை" என்றே அழைக்கிறார்கள். பிமினியில் நடப்பவை பெரும்பாலும் ஓடு கெட்டியானவை, அப்ரோலோஸில் புதிதாகக் கழற்றியவை. மூன்று தீவு, மூன்று காரணம். வழிகாட்டிக்கு இதையே எழுதிக்காட்டுங்கள்.

அனுமதி: தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, வனத்துறை ஒப்புதல் இல்லாமல் டேக் துப்பாக்கியோடு இறங்க முடியாது. ஏற்றுமதிக்கு 2003-இல் வந்த குறைந்தபட்ச எடை ஹோமாரஸுக்கு 200 கிராம், ஆர்னேட்டஸுக்கு 500 கிராம். வியாபாரி கொட்டிலில் அளவெடுத்தால் அதற்குக் குறைந்தவை உங்கள் கண்ணுக்கே காட்டப்படாது. அதனால் கரையில் வலை கழிக்கும் இடத்திலேயே அளவெடுங்கள்.

கடற்புல்

நன்றி அண்ணாச்சி. மீனவர்களின் தினசரிப் பிடியை வைத்தே நகர்வைக் கணிக்கலாமா? சிங்கி வலையில் ஓர் இரவு பிடி திடீரென்று ஏறினால் கூட்டம் வந்தது என்று கொள்ளலாம் அல்லவா?

நீரோட்டம்

அதை மட்டும் வைத்துக் கொள்ளக் கூடாது. பிடி ஏற மூன்று காரணம் உண்டு: சிங்கி அதிகமாக வந்தது, இருந்தவை அதிக நேரம் வெளியே நடந்தன, வலை கண்ணில் படவில்லை. நீர் கலங்கிய இரவில் பின்னிரண்டும் சேர்ந்தே நடக்கும். நிலாவும் உண்டு: முழுநிலவையொட்டி வெளியே வருவது குறையும், இருட்டில் ஏறும். ஒரே பாரில் அமாவாசை வாரத்தையும் பௌர்ணமி வாரத்தையும் ஒப்பிட்டால் ஒரு சிங்கிகூட இடம் மாறாமலே "நகர்வு" தெரியும்.

பிடியைப் பயன்படுத்துவதானால் ஒரே நிலாக் கட்டத்தில் ஒரே பாரின் இரண்டு ஆழங்களை ஒரே இரவில் ஒப்பிடுங்கள். வலை நீளம், போட்ட நேரம், எடுத்த நேரம் எழுதுங்கள். ஆழமில்லாத பக்கம் இறங்கி, ஆழமான பக்கம் ஏறி, அளவுப் பரவலும் சேர்ந்து மாறியிருந்தால் நகர்வு என்று பேசலாம். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறினால் அது நடமாட்டம் கூடியது, அவ்வளவே.

முத்துநகர்

நீரோட்டம் சொன்னது சரி. கூடுதலாக ஒன்று: விடுபட்ட வலையையும் கேட்டு எழுதுங்கள். கடல் மோசமான இரவில் ஆழப் பக்கம் யாரும் வலை போடுவதில்லை. அந்த இரவின் பூஜ்யம், சிங்கி இல்லாத பூஜ்யம் அல்ல. படிவத்தில் "வலை போடவில்லை", "வலையில் இல்லை" என்று இரண்டு தனிக் கட்டம் வையுங்கள்.